சி.வி. ஜாயின்டுக்குள் ஆறு குண்டுகள்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, அதன் அடிச்சட்டத்தின் மீது ஃபைபர் கிளாஸ் உடலைப் பொருத்தி, வீட்டுக் கொட்டகையிலேயே புதிய கார் கட்டிக்கொள்ளும் வழக்கம், 1964-இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் உருவாக்கிய ‘மேயர்ஸ் மாங்ஸ்’ வண்டிக்குப் பிறகு அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. இத்தகைய கிட் கார்களுக்கு என்ஜின், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் (சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு) ஆகியவை பெரும்பாலும் அந்தப் பழைய காரிலிருந்தே எடுக்கப்படுகின்றன. 1969-ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட பீட்டில்களில் இரண்டு பின்சக்கர ஷாஃப்டுகளின் இரு முனைகளிலும் சி.வி. ஜாயின்டுகள், அதாவது வளைந்த நிலையிலும் சுழலும் வேகம் மாறாமல் கடத்தும் இணைப்புகள், உண்டு, ஆக மொத்தம் நான்கு. இவற்றைப் பிரித்துக் கழுவுவது எளிது. திரும்பப் பூட்டும்போதுதான் சிக்கல் வரும், ஏனெனில் பாகங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விதங்களில் ஒன்றுக்குள் ஒன்று அமரும்; அவற்றில் சில விதங்களில் ஜாயின்ட் வேலையே செய்யாது. பழுதுபார்ப்புக் கையேடுகள் விதிகளை மட்டும் சொல்லிக் காரணத்தை விட்டுவிடுகின்றன. காரணம் புரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து.

லாரிகளின் அடியில் இருக்கும், மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்று சொல்லும் இணைப்பிலிருந்து தொடங்குவோம். ஷாஃப்ட் நேராக இருக்கும்வரை அதில் குறை இல்லை. வளைந்தவுடன், ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்து, இரண்டு முறை பின்தங்கும். வளைவு 30 பாகையாக இருந்தால், நிமிடத்திற்கு 600 சுற்று என்று சீராக உள்ளே போகும் வேகம், வெளியே வரும்போது ஏறத்தாழ 520-க்கும் 693-க்கும் இடையே ஊசலாடும். லாரியில் இரண்டு கிராஸ்களைச் சம கோணத்தில் வைத்து ஒன்றின் பிழையை மற்றொன்றால் ஈடுகட்டுகிறார்கள். மேலும் கீழும் ஆடும் சக்கரத்தோடு இணைந்த குட்டையான ஷாஃப்டில் அந்தச் சமநிலையைக் காப்பது கடினம்.

சி.வி. ஜாயின்ட் இதை வேறு வழியில் தீர்க்கிறது. இரண்டு ஷாஃப்டுகள் ஒரு கோணத்தில் சந்திக்கும்போது, அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அந்தத் தளத்தில் உள்ள எந்தப் புள்ளியும் இரண்டு அச்சுகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். விசையைக் கடத்தும் குண்டு எப்போதும் அந்தத் தளத்திலேயே நின்றால், இரு பக்கமும் ஒரே ஆரம், ஒரே வேகம். ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெப்பா 1920-களில் காப்புரிமை பெற்ற ஜாயின்ட் இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. 1959-இல் வந்த மினி காரின் முன்சக்கரங்களும் அந்த வகை ஜாயின்டுகளோடுதான் வெளிவந்தன.

குண்டை அந்தத் தளத்தில் நிறுத்தி வைப்பது எது? பீட்டிலின் ஜாயின்டில் அதைச் செய்வது சாய்ந்த பள்ளங்கள். உள்வளையத்தில் ஆறு பள்ளங்கள், வெளிவளையத்தில் ஆறு பள்ளங்கள், நடுவே ஒரு கூண்டு, அதன் சாளரங்களில் ஆறு குண்டுகள். உள்பள்ளம் வலப்பக்கம் சாய்ந்தால் அதற்கு நேரான வெளிப்பள்ளம் இடப்பக்கம் சாயும். இரண்டும் கத்தரிக்கோலின் அலகுகளைப் போலக் குறுக்கிட, அந்தச் சந்திப்பில் குண்டு சிக்கி நிற்கிறது. உள்வளையம் 10 மில்லிமீட்டர் உள்ளே நகர்ந்தால் சந்திப்புப் புள்ளி 5 மில்லிமீட்டர் மட்டும் நகரும். இப்படி எப்போதும் பாதி வழியிலேயே நிற்பதால் வேகம் சமமாகிறது. சக்கரம் எழும்பித் தாழும்போது ஷாஃப்ட் நீள வாட்டில் நகரவும் இடம் கிடைக்கிறது.

அடுத்தடுத்த பள்ளங்கள் எதிரெதிராகச் சாய்ந்திருப்பதால், வளையத்தின் முகத்தைப் பார்த்தால் பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடுகள் ஒன்று விட்டு ஒன்று அகலமாகவும் குறுகலாகவும் தெரியும். உள்வளையத்தின் அகல மேடு, அதே முகத்தில் வெளிவளையத்தின் குறுகல் மேட்டுக்கு நேராக வர வேண்டும் என்று கையேடு சொல்வது இதனால்தான். அகலத்துக்கு அகலம் நேராக வைத்துவிட்டால் பள்ளங்கள் குறுக்கிடாமல் இணையாக ஓடும். அப்போது ஷாஃப்ட் நீள வாட்டில் நகர முயன்றால், ஒரு குண்டு உள்வளையத்தை வலப்பக்கம் திருப்பச் சொல்லும், அடுத்த குண்டு இடப்பக்கம் திருப்பச் சொல்லும். விளைவாக ஜாயின்ட் இறுகிப்போகும். சரியாகப் பூட்டிய ஜாயின்ட் கையாலேயே வழுக்கி நகரும். சுத்தியல் கேட்கும் ஜாயின்டை மறுபடி பிரித்துப் பார்ப்பதே நல்லது.

பூட்டும் முறை இதுதான். உள்வளையத்தைக் கூண்டுக்குள் வைத்துக் குண்டுகளைச் சாளரங்களில் அழுத்தி, அந்தத் தொகுதியை வெளிவளையத்துக்குச் செங்குத்தாக நிறுத்தி நுழைத்து, மேடுகளின் பொருத்தத்தைச் சரிபார்த்தபின் மெல்லச் சாய்த்து உட்காரவைக்க வேண்டும். உள்வளையத்தின் ஸ்ப்லைன் துளையில் (ஷாஃப்டின் பற்கள் பொருந்தும் வரிகள் கொண்ட துளை) ஒரு பக்கம் விளிம்பு சரித்துச் செதுக்கப்பட்டிருக்கும். ஷாஃப்டின் தோள் பகுதியை (தண்டு தடித்துத் தொடங்கும் படியை) பார்த்து அமர வேண்டியது அந்தப் பக்கம். ஒரு ஜாயின்டின் குண்டுகளை இன்னொன்றில் கலக்கக் கூடாது. ஆறு குண்டுகளும் ஒரே அளவுப் பிரிவைச் சேர்ந்தவை. ஒன்று சற்றே பெரிதானாலும் ஆறு பேர் சுமக்க வேண்டிய பாரம் அதன் மேல் விழும், பள்ளத்தில் குழி விழும்.

குழி விழுந்த ஜாயின்டுக்கு மருந்து இல்லை. பள்ளத்தின் ஒரு சுவரில் இலேசான தேய்மானம் மட்டுமே என்றால், ஷாஃப்டுகளை இட வலமாக மாற்றிப் போடலாம்; முன்னோக்கிய ஓட்டத்தின் பாரம் அப்போது தேயாத சுவரில் விழும். சிக்கனக்காரர்களின் இந்த உத்தி அறிவியலோடும் ஒத்துப்போகிறது.

கிட் காருக்கே உரிய ஆபத்து நீளத்தில் இருக்கிறது. கியர்பாக்ஸின் இடமோ சக்கரங்களின் அகலமோ மாறிய வண்டியில் பழைய ஷாஃப்ட் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே கிரீஸோ ஜாயின்டை மூடும் ரப்பர் உறையோ போடுவதற்கு முன், ஸ்பிரிங் இல்லாமல் சக்கரத்தை அதன் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லைவரை நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஷாஃப்டைக் கையால் உள்ளும் புறமும் அசைத்துப் பார்க்க வேண்டும். எங்காவது அசைவு அற்றுப்போனால், ஷாஃப்ட் அங்கே கியர்பாக்ஸ் பேரிங்கை இடித்துக்கொண்டிருக்கக்கூடும். கோணத்துக்கும் எல்லை உண்டு: இந்த வகை ஜாயின்ட் ஏறத்தாழ 20 பாகைக்கு மேல் வளைய விரும்பாது. தொங்கும் சக்கரம் அதைத் தாண்டினால், தாழ்வதைத் தடுக்கும் பட்டை ஒன்றைக் கட்டுவது வழக்கம்.

இதன் பிறகுதான் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ். ஒரு ஜாயின்டுக்குச் சுமார் 100 கிராம் போதும், அதைக் குண்டுகளின் இடுக்குகளுக்குள் அழுத்தித் திணிக்க வேண்டும். ஆனால் ஜாயின்டும் கியர்பாக்ஸ் தட்டும் சந்திக்கும் முகங்களில் கிரீஸின் சாயலே இருக்கக் கூடாது. விசையைத் தாங்குவது முக்கியமாக அந்த இரு முகங்களின் உராய்வு. 8 மில்லிமீட்டர் போல்டுகளின் வேலை அவற்றை இறுக்கிப் பிடிப்பது. முகம் வழுக்கினால் போல்டுகள் தளரும், பிறகு முறியும். அவற்றுக்குச் சுமார் 35 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். சக்கர முனை நட்டுக்கோ சுமார் 294 நியூட்டன் மீட்டர் வேண்டும். நட்டின் பிளவும், அதைப் பூட்டும் ஊசி (காட்டர் பின்) நுழையும் துளையும் நேராக வராவிட்டால் நட்டை இன்னும் இறுக்கலாம், தளர்த்தக் கூடாது. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கை அளந்து இறுக்கும் கருவி) மறுபடி சோதித்து, அப்படியே சக்கரத்தின் உட்பக்கத்தில் கிரீஸ் தெறித்த கறுப்புக் கோடு ஏதும் தென்படுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்; தென்பட்டால் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது, மணல் உள்ளே போகத் தொடங்கியிருக்கும்.