ஒரே பாளை, இரண்டு கலயம்: தீங்கின் மீது விதிக்கும் வரி வேலை செய்யும் விதம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பனையேறத் தெரிந்த எவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது அக்கானி, அதாவது போதையில்லாத பதநீர். தடவாமல் விட்டால் இறங்குவது கள். மரமும் ஒன்று, சாறும் ஒன்று. சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பங்கு இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே ஆல்கஹாலாக மாற்றத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு அந்தச் சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி அவற்றின் வேலையைத் தடுத்துவிடுகிறது. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே, அன்றைய சென்னை மாகாணத்தில், ஆங்கிலேய ஆட்சி இந்தச் சுண்ணாம்புப் பூச்சையே வரியின் எல்லையாக வைத்துக்கொண்டது. கள் இறக்கும் மரத்துக்கு மரவரி உண்டு; சுண்ணாம்பிட்ட கலயம் தொங்கும் மரத்துக்கு அது கிடையாது. அந்த அரசுக்கு வருவாயே முதல் நோக்கமாக இருந்தது என்றாலும், தீங்கு எங்கே தொடங்குகிறதோ அங்கே வரியும் தொடங்க வேண்டும் என்னும் கொள்கையை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அந்தக் கொள்கைக்குப் பொருளியலில் முறையான வடிவம் கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் பிகு. ஒரு பொருளின் விலையில் அதைச் செய்தவரின் செலவும் விற்றவரின் லாபமும் அடங்குகின்றனவே தவிர, அதனால் மூன்றாம் மனிதருக்கு நேரும் இழப்பு அடங்குவதில்லை. விடுபட்ட அந்த இழப்பின் அளவுக்கு வரி விதித்தால் விலை உண்மையைச் சொல்லத் தொடங்கும் என்று அவர் 1920இல் எழுதினார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் மோதியதால் நாகர்கோவில் சாலையில் கால் முறிந்தவரின் மருத்துவச் செலவு பாட்டிலின் விலையில் இல்லை. வெற்றிலையோடு போயிலை போட்டு வாயில் புற்று வந்து, திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு மாதந்தோறும் அலைகிறவரின் வீட்டார் இழக்கும் கூலியும் போயிலையின் விலையில் இல்லை. புகையிலையிலும் மதுவிலும் இன்னொரு சிக்கலும் உண்டு. பதினெட்டு வயதில் தொடங்கியவர் நாற்பத்தைந்து வயதில் தமக்கே நேரப்போகும் கேட்டை அன்று எடை போட்டிருக்க முடியாது. ஆகவே எதிர்காலத்து அவரும் ஒரு வகையில் மூன்றாம் மனிதரே.

இந்த வரி செயல்படும் விதத்தை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு சிகரெட்டின் விலை 10 ரூபாய், அதில் 5 ரூபாய் வரி, ஒரு கடையில் நாளொன்றுக்கு 100 சிகரெட் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். அரசுக்குக் கிடைப்பது 500 ரூபாய். வரியை 1 ரூபாய் கூட்டினால் விலை 11 ரூபாய், அதாவது 10 சதவீத உயர்வு. நம்முடையதைப் போன்ற நாடுகளில் புகையிலையின் விலை 10 சதவீதம் உயர்ந்தால் நுகர்வு ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகள் ஒருமித்துக் காட்டுகின்றன. விற்பனை 95 ஆகிறது. வரி 6 ரூபாய் வீதம் 570 ரூபாய் கிடைக்கிறது. புகைப்பது குறைந்தும் வருவாய் 14 சதவீதம் கூடுகிறது. பழக்கம் எளிதில் விடாது என்னும் அதே காரணத்தால்தான் நிதித்துறைக்கு இந்த வரி பிடித்திருக்கிறது. அந்த 5 சதவீதத்தில் பெரும்பங்கு கையில் பணம் குறைந்த இளையவர்களும் இன்னும் பழக்கத்தில் ஆழ்ந்துவிடாதவர்களும் ஆவர். பல ஆண்டுகளாகப் புகைப்பவர் பெரும்பாலும் வேறு செலவைக் குறைத்துக்கொண்டு புகைக்கிறார். இந்த வரியின் பயன் புதிதாக அதில் விழாமல் போகிறவர்களிடம்தான் மிகுதியாகத் தெரிகிறது.

ஆனால் வரியை எவ்வளவு விதிக்கிறோம் என்பதைவிட எதன் மீது விதிக்கிறோம் என்பதே முதன்மையான கேள்வி என்று நான் கருதுகிறேன். பிரிட்டன் 2018 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த குளிர்பான வரியைப் பாருங்கள். தொடக்கத்தில் இருந்த விகிதப்படி, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரி இல்லை. 5 கிராம் முதல் 8 கிராமுக்குள் என்றால் லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ். வரி 2016இலேயே அறிவிக்கப்பட்டிருந்ததால், இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பல நிறுவனங்கள் தங்கள் பானங்களின் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே இறக்கிவிட்டன. வாங்குகிறவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை; பானமே மாறிவிட்டது. வருவாய் முதலில் மதிப்பிட்டதைவிடக் குறைவாக வந்தது. அதை நான் அந்த வரியின் வெற்றியாகவே எண்ணுகிறேன். மெக்சிகோ 2014இல் லிட்டருக்கு 1 பெசோ என்று வேறு வழியில் போயிற்று. அங்கே முதல் ஆண்டில் சர்க்கரைப் பானங்களின் விற்பனை சராசரியாக 6 சதவீதம் குறைந்தது.

இந்தியாவில் 2025 செப்டம்பர் முதல் இத்தகைய குளிர்பானங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 சதவீதம். அந்த வரி சர்க்கரையின் எடையைப் பார்ப்பதில்லை. சர்க்கரை சேர்த்திருந்தாலும் செயற்கை இனிப்பைச் சேர்த்திருந்தாலும் விகிதம் ஒன்றே. சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கும் நிறுவனத்துக்கு அதனால் எந்தச் சலுகையும் இல்லாதபோது, அது ஏன் குறைக்கப் போகிறது? அதே மாதம் கூடிய வரிக் குழு, பீடிக்கு 28 சதவீதமாக இருந்த வரியை 18 ஆகக் குறைக்கவும் சிகரெட்டை 40க்கு உயர்த்தவும் முடிவெடுத்தது. பீடி சுற்றி வாழும் பெண்களின் பிழைப்பை எண்ணி எடுத்த முடிவு என்றால் அந்த அக்கறை எனக்கும் உண்டு. ஆயினும் நுரையீரலுக்குச் சிகரெட்டின் புகையும் பீடியின் புகையும் ஒரே தன்மையானவை. மலிவான தீங்கு பக்கத்திலேயே கிடைக்கும்போது, விலை கூடிய தீங்கை விடுகிறவர் அதன்மேல்தான் போய் நிற்பார்.

பக்கத்தில் கிடைப்பது என்பது எல்லைக்கு அப்பால் கிடைப்பதாகவும் இருக்கலாம். இதைக் களியக்காவிளைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேரளம் 2023 ஏப்ரலில் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியும், 500 ரூபாய்க்கு மேற்பட்ட மதுப் பாட்டிலுக்கு 20 ரூபாயும், 1,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 40 ரூபாயும் கூட்டியபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் வண்டிக்கு எண்ணெய் நிரப்புவதற்குக் காரணம் இன்னும் ஒன்று சேர்ந்தது. டென்மார்க்கிலும் இதுவே நடந்தது. நிறைவுற்ற கொழுப்பின் மீது கிலோவுக்கு 16 குரோனர் வரியை அந்த நாடு 2011 அக்டோபரில் விதித்தது. மக்கள் ஜெர்மனிக்கும் சுவீடனுக்கும் போய் வெண்ணெய் வாங்கி வந்தார்கள். 2013 தொடக்கத்தில் வரி நீக்கப்பட்டது. பிகுவின் கணக்கில் எல்லைக்கோடு இல்லை. மனிதர்கள் வாழும் இடத்தில் அது சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் வரி வாங்கும் அரசிடமே இருக்கிறது. ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது கலால் வருவாய் போயிற்று. அந்தப் பள்ளத்தை நிரப்பவே 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. தீயதன் மீதான வரி போன இடத்தில் எல்லாப் பொருளின் மீதும் வரி வந்து அமர்ந்தது. அப்போது திருவிதாங்கூரில் இருந்த குமரி, 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்று மாநிலத்தில் மது சில்லறை விற்பனை முழுவதும் 2003 முதல் டாஸ்மாக்கின் கையில். 2023–24இல் அதன் வழியே அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். இவ்வளவு பெரிய தொகையை நம்பி வரவுசெலவுத் திட்டம் போடும் எந்த அரசுக்கும், விற்பனை குறைவதை விரும்புவது கடினம். பிலிப்பைன்ஸ் 2012இல் மது, புகையிலை வரிகளைச் சீர்திருத்தியபோது, கூடுதல் வருவாயின் பெரும்பகுதியை மருத்துவக் காப்பீட்டுக்கும் சுகாதாரத்துக்கும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. ரப்பர் பால் வெட்டுகிறவரும் கடலுக்குப் போகிறவரும் வசதியானவர்களைவிடத் தங்கள் வருமானத்தில் கூடுதலான பங்கை இந்த வரியாகக் கட்டுகிறார்கள் என்பதால், குடியை விட நினைப்பவருக்கு அவர் ஊர்ப் பக்கத்திலேயே சிகிச்சை கிடைக்கும்படி அந்தப் பணத்தில் ஒரு பங்கு திரும்பி வர வேண்டும் என்று கேட்பது நியாயமே.

மதுவுக்கு வரியின் அளவுகோல் என்னவாக இருக்க வேண்டும்? உடலைத் தாக்குவது ஆல்கஹாலின் அளவு. கடையில் விற்கும் 180 மில்லிலிட்டர் பிராந்தியில் 42.8 சதவீதம், அதாவது 77 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீதம் கொண்ட 650 மில்லிலிட்டர் பீரில் 32 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். ஆல்கஹாலின் அளவுக்கே வரி என்று வைத்தால் வலிமை கூடியது தானாகவே விலை கூடியதாகும். விலையைப் பார்த்து வாங்குகிறவர் வலிமை குறைந்ததற்கு இறங்கி வர வழி இருக்கும். ஸ்காட்லாந்து 2018 மே முதல் ஆல்கஹால் அளவை வைத்தே குறைந்தபட்ச விலையை நிர்ணயித்ததற்குப் பின்னாலும் இந்த எண்ணமே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் விற்கத் தடை. கலப்படம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, அது பொய்யான அச்சமும் இல்லை. எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போனால் அதே கள் சட்டப்படி கிடைக்கும். சுண்ணாம்பு தடவாத ஒரு கலயத்துக் கள்ளில் ஏறத்தாழ 5 சதவீதம் ஆல்கஹால் என்று கொண்டால், ஒரு குவார்ட்டர் பிராந்தியில் உள்ள அளவை எட்ட ஒருவர் ஒன்றரை லிட்டர் கள் குடிக்க வேண்டியிருக்கும்.