அரை அவுன்ஸிலிருந்து அரைக்காலுக்கு: ஓட்டம் தளர்ந்த ரெட் ஆற்றில் பிக்கரல் பிடிப்பது

மழை பொய்த்த ஆண்டுகளில், அக்டோபர் மாதத்தில், கனடாவின் மனிடோபா மாகாணத்துச் செல்கர்க் படகுத்துறையில் ஒரே புலம்பலைத்தான் கேட்கிறேன்: ஆற்றில் ஓட்டமே இல்லை, அதனால் மீன் ஏறவில்லை. இப்படிச் சொல்பவரின் கோல்நுனியைப் பார்த்தால் பெரும்பாலும் அரை அவுன்ஸ் ஜிக், அதாவது ஈயத்தலைத் தூண்டில் முள், தொங்கிக்கொண்டிருக்கும். மீன் ஏறித்தான் இருக்கிறது. அதன் வாய்க்குள் போக முடியாத ஒன்றை அவர் நாள் முழுவதும் அதன் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ரெட் ஆற்றில் இலையுதிர்காலம் முழுவதும் படகில் ஆட்களை ஏற்றிச் சென்று மீன் பிடிக்க வழிகாட்டுவது என் தொழில். இந்த ஆறு தெற்கே அமெரிக்காவிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்ந்து வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. செப்டம்பரில் நீர் குளிரத் தொடங்கியதும் ஏரியிலிருக்கும் வால்ஐ மீன்கள் ஆற்றுக்குள் ஏறி, செல்கர்க்கைக் கடந்து லாக்போர்ட் அணை வரை வருகின்றன. நூல்களில் பிக்கரல் என்பது வேறொரு குடும்பத்து மீனின் பெயராக இருந்தாலும், இங்கே வால்ஐயைப் பிக்கரல் என்றுதான் எல்லோரும் அழைக்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஏரியிலிருந்து வரும் மீனின் முதுகு மரகதப் பச்சையாக மின்னுவதால் அதற்குக் கிரீன்பேக் என்ற செல்லப் பெயரும் உண்டு. வசந்தத்தில் இட வேண்டிய முட்டைகள் பெண் மீனின் வயிற்றில் இலையுதிர்காலத்திலேயே வளரத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே ஆறு மெலிந்தாலும் மீன் தின்பதை நிறுத்துவதில்லை. தின்னும் இடமும் விதமும்தான் மாறுகின்றன.

ஜிக் என்பது, அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தலைப்பகுதியில் ஈயமோ வேறு உலோகமோ வார்த்த தூண்டில் முள். அந்த முள்ளில் ஒரு சிறுமீனையோ ரப்பர் போன்ற மென்மையான செயற்கை இரையையோ கோத்து, ஆற்றின் அடியைத் தொடும்படி இறக்கி, மெல்லத் தூக்கி, மெல்லத் தாழ்த்துவதே முறை. இதன் எடைகளை அவுன்ஸில் சொல்வது இங்குள்ள வழக்கம். அந்த வரிசை நம் பழைய வாய்ப்பாட்டின் பின்னங்களைப் போலவே பாதி பாதியாக இறங்குவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்: அரை, கால், அரைக்கால், வீசம். கிராமில் சொன்னால் அரை அவுன்ஸ் 14, கால் அவுன்ஸ் 7, அரைக்கால் மூன்றரை, வீசம் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. காலுக்கும் அரைக்கும் நடுவே 'காலே அரைக்கால்' என்று ஓர் எடை உண்டு; ரெட் ஆற்றில் வழக்கமான ஓட்டம் இருக்கும் நாளில் என் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது அதுதான்.

ஓட்டம் குறைந்ததும் எடையைக் குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில்தான் பிழை நேர்கிறது. நீர் ஓடும்போது தூண்டில் நரம்பையும் ஜிக்கையும் தள்ளும் விசை ஓட்டத்தின் வேகத்துக்கு நேராகக் கூடிக் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. வேகம் பாதியானால் தள்ளும் விசை கால்பங்காகிவிடுகிறது. ஆகவே காலே அரைக்காலில் பிடித்துக்கொண்டிருந்தவர், ஓட்டம் பாதியானதும் காலுக்கு இறங்கி, அத்துடன் தம் கடமை முடிந்தது என்று நினைத்தால், அவர் தேவைக்கு மிஞ்சிய ஈயத்தைத்தான் இன்னும் தொங்கவிட்டிருக்கிறார். அரைக்காலுக்கு இறங்கிப் பார்க்க வேண்டும். மூன்று மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில், காற்றும் இல்லாத காலையில், வீசமே போதுமான நாட்களும் உண்டு.

இதற்கு நான் சொல்லித்தரும் சோதனை எளியது. ஜிக்கை அடிவரை இறக்கி நரம்பைப் பாருங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டுக் கயிறு போல அது ஆடாமல் செங்குத்தாக நின்றால் எடை அதிகம். தூக்கித் தாழ்த்திய பிறகு அடியைத் தொடாமல் பின்னால் மிதந்து போய்க்கொண்டே இருந்தால் எடை போதாது. நரம்பு சற்றே சாய்ந்திருந்து, ஒவ்வொரு முறை தூக்கும்போதும் ஜிக் ஒரு சாண் தூரம் ஓட்டத்தின் போக்கில் நகர்ந்து மீண்டும் அடியைத் தொடுவதை விரல் உணர்ந்தால், அந்த நேரத்துக்கு அதுதான் சரியான எடை. அந்த நேரத்துக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காலையில் சரியாக இருந்தது மதியத்தில் சரியாக இருக்கும் என்பதற்கு இந்த ஆறு உத்தரவாதம் தருவதில்லை.

நரம்பின் தடிமனும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. பத்துப் பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதே வலிமையுள்ள நைலான் நரம்பில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான் இருக்கும். நீர் அதைக் குறைவாகத் தள்ளும் என்பதால் இன்னும் இலேசான ஜிக்கைக் கொண்டே அடியைத் தொட முடியும். அதன் நுனியில் முழ அளவு ஃபுளோரோகார்பன் நரம்பைக் கட்டிக்கொண்டால் போதும்.

எடையில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்பதற்கு மீனின் வாயைப் பார்க்க வேண்டும். பிக்கரலுக்குக் கூரிய பற்கள் உண்டு. அதனால் அது ஓடிவந்து கவ்வும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது இரையின் பின்னால் வந்து, வாயையும் செவுள் மூடிகளையும் ஒரே நொடியில் விரித்து, சுற்றியுள்ள நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்கிறது. கோலில் நாம் உணரும் அந்தத் 'தட்' என்ற ஒலியற்ற தட்டல், ஜிக் வாய்க்குள் இழுபடும் அதிர்வுதான். குளிர்ந்த நீரில் மீனின் உடலியக்கம் தளர்ந்திருக்கும். உறிஞ்சும் விசையும் குறைவு. மூன்றரைக் கிராம் அந்த நீரோடு உள்ளே போய்விடும். பதினான்கு கிராம் பாதி வழியில் நின்றுவிடும். சிறுமீனின் வால் மட்டும் உதட்டுக்குள் போய்த் திரும்பி வரும். 'மீன் கொத்துகிறது, ஆனால் மாட்டவில்லை' என்று சொல்லி ஆட்கள் இரண்டாவது முள்ளைப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். நான் அதற்கு முன்பு எடையைக் குறைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பெரும்பாலும் இரண்டாவது முள்ளுக்கு வேலை இல்லாமல் போகிறது.

ஓட்டம் தளர்ந்த நீரில் அந்தத் தட்டல்கூடப் பல முறை வராது. ஜிக் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மீன் அதை வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கும்; அப்போது அடியைத் தொட வேண்டிய நேரத்தில் நரம்பு தளர்ந்து கிடக்கும், எடை இருந்த இடத்தில் எடை இல்லாமல் போகும். இன்னொரு வகையில், தூக்கும்போது ஈரத் துணி ஒன்று முள்ளில் சிக்கியது போல மந்தமான கனம் தெரியும். புதியவர்கள் இந்த இரண்டையும் குப்பை என்று எண்ணிக் கோலை உதறுகிறார்கள். சந்தேகம் வந்தால் உதறக் கூடாது. மணிக்கட்டால் சுண்டி இழுக்க வேண்டும். மனிடோபாவில் பின்கூர் இல்லாத முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். ஆகவே சுண்டிய பிறகு நரம்பை ஒரு கணமும் தளரவிடாமல் சுற்ற வேண்டும். தளர்ந்தால் மீன் தலையை ஒருமுறை ஆட்டி முள்ளைத் துப்பிவிடும்.

தூக்கும் உயரத்தையும் இதோடு சேர்த்தே குறைக்க வேண்டும். வேகமான நீரில் கோலை ஒரு முழம் தூக்கியவர், தளர்ந்த நீரில் நான்கு விரல் அளவு தூக்கினால் போதும். பிறகு ஜிக்கை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, பத்து வரை எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் என் விருந்தினர்களுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது.

மீன் நிற்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓட்டம் பலமாக இருக்கும்போது மீன்கள் பாலத் தூண்களின் பின்புறத்திலும் கரையோரச் சுழல்களிலும் ஒதுங்கிக் கூட்டமாக நிற்கும். தளர்ந்ததும் ஒதுங்க வேண்டிய தேவை இல்லாததால் பரவிவிடும். ஆற்று வளைவின் வெளிப்புறத்திலும், ஆழமான வாய்க்கால் மேடேறும் விளிம்பிலும், கொஞ்சமாவது நீர் நகரும் இடத்தைத் தேடி நிற்கும். கால் மணி நேரத்தில் ஒன்றும் தொடவில்லையென்றால் நங்கூரத்தைத் தூக்கி இடம் மாறுவது நல்லது. ரெட் ஆறு அகாசிஸ் என்ற பனிக்காலப் பேரேரியின் களிமண் படிவத்தின் மீது ஓடுவதால் எப்போதும் கலங்கியிருக்கும். பிக்கரலின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால் அந்தக் கலங்கலிலும் அது பகலில் வேட்டையாடும். ஓட்டம் குறைந்தால் களிமண் ஓரளவு படிந்து நீர் தெளிகிறது. அப்போது நண்பகல் வெறுமையாகக் கழியும். விடியலும் அந்தியும் மட்டுமே பலன் தரும். பளிச்சென்ற ஆரஞ்சு, எலுமிச்சை நிறங்களை விட்டு அடக்கமான நிறங்களுக்கு நான் மாறுவதும் அந்நாட்களில்தான்.

இனிச் சொல்லப்போவது மீனைவிட முக்கியமானது. ஓட்டம் இல்லாத ஆறு ஆபத்தில்லாத ஆறு என்ற எண்ணம் அனுபவசாலிகளிடமும் இருக்கிறது. வின்னிபெக் ஏரியின் மீது வடகாற்று பலமாக வீசினால் ஏரி நீர் தெற்கே திரண்டு ஆற்றின் முகத்துவாரத்துக்குள் நுழைகிறது. ஓட்டம் ஏற்கெனவே மெலிந்திருந்தால் ஆறு நின்றுவிடும். சில வேளைகளில் பின்னோக்கியும் நகரும். மீன்கள் அந்த நீரோடு உள்ளே வருவதால் வடகாற்றுக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆனால் நங்கூரமிட்ட படகை அந்நேரத்தில் நீர் பிடித்து வைத்திருப்பதில்லை, காற்று பிடித்து ஆட்டுகிறது. படகு இடமும் வலமுமாக அலைய, ஜிக் அடியில் இழுபட்டு மரக்கட்டைகளில் சிக்குகிறது.

இந்த ஆட்டத்தை நிறுத்த எண்ணி, தொடக்க ஆண்டு ஒன்றில் நானே படகின் பின்முனையான அமரத்தில் இரண்டாவது நங்கூரத்தை இறக்கினேன். ஒரு மணி நேரம் படகு அசையாமல் நின்றது, மீனும் விழுந்தது. பிறகு காற்று தணிந்தது. ஏரியில் திரண்டிருந்த நீர் வடிய, ஆற்றின் ஓட்டம் திடீரென்று திரும்பியது. படகு குறுக்கே திரும்பி, தாழ்வான அமரத்தின் மீது தண்ணீர் ஏறியது. நான் கயிற்றை அறுத்துவிட்டுத் தப்பினேன். அன்றிலிருந்து என் படகில் நங்கூரம் முன்முனையான அணியத்தில் மட்டுமே கட்டப்படுகிறது. கயிற்றின் அருகில் உறையிட்ட கத்தி ஒன்று எப்போதும் இருக்கிறது. படகு ஆடினால் கயிற்றை இன்னும் நீளமாக விடுகிறேன். அதற்கும் அடங்காவிட்டால் காற்று மறைவான வளைவுக்குப் போய்விடுகிறேன்.

அக்டோபர் இறுதியில் நீர் ஐந்து பாகை செல்சியஸுக்கு அருகில் இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் விழுபவர்களுக்காக 1-10-1 என்ற நினைவுச் சூத்திரத்தைப் பரப்பியவர். முதல் ஒரு நிமிடம் மூச்சிரைப்பைக் கட்டுப்படுத்துவதற்கு. அடுத்த பத்து நிமிடங்கள் கைகால்கள் பயன்படும் காலம். நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தன்னையறியாமல் மூச்சு இழுக்கும்போது வாய் நீருக்குள் இருந்தால் மற்ற இரண்டு எண்களுக்கு வேலை இல்லை. நீச்சல் வீரர்களும் இதற்கு விலக்கல்ல. உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பவர்களை நான் படகில் ஏற்றுவதில்லை. துறையிலேயே அணிந்துகொண்டால்தான் பயணம்.

இரை விஷயத்தில், உறையவைத்த அல்லது உப்பிட்ட சிறுமீன்களைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். முள்ளை வாய் வழியாக விட்டுத் தலையின் பின்புறம் வெளியே எடுத்தால் இரை நேராக நிற்கும். 2013 முதல் வின்னிபெக் ஏரியில் வரிச்சிப்பி (ஜீப்ரா மசல் என்ற அந்நியச் சிப்பி) பரவியிருப்பதால், துறையை விட்டுக் கிளம்புமுன் படகிலும் வாளியிலும் உள்ள நீரை முழுவதும் வடித்துத் துடைத்துக் காயவைக்க வேண்டும். ஈய ஜிக்கைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் பழக்கத்தை, குறிப்பாகப் பிள்ளைகளின் முன்னால், விட்டுவிடுங்கள். கை கழுவாமல் சிற்றுண்டி எடுக்காதீர்கள். நீர்ப்பறவைகள் ஈயத்தை விழுங்கி இறப்பதால், கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈய ஜிக்குகளுக்குத் தடை உண்டு. டங்ஸ்டன் விலை கூடியதுதான், ஆனால் ஈயத்தைவிட அடர்த்தியானது. அதே எடைக்கு உருவம் சிறியது, தளர்ந்த நீரில் அதுவே ஒரு வசதி.

பெரிய மீன்கள் ஏறக்குறைய எல்லாமே முட்டை சுமக்கும் பெண்கள். வயது கூடிய மீனின் தசையில் பாதரசமும் கூடியிருக்கும். மாகாணத்தின் ஆண்டு விதிகளில் அளவும் எண்ணிக்கையும் குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு உட்பட்டே, சமையலுக்குச் சிறியவற்றை வைத்துக்கொண்டு பெரியவற்றை விடுகிறேன். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் செவுள்கள் உறைந்து சேதமாகும் என்பதால், முள்ளைக் கழற்றுவதையும் அளப்பதையும் வலையோடு நீருக்குள்ளேயே முடித்துக்கொள்வது நல்லது.

லாக்போர்ட்டில் 1910-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் அணையில் மரச்சட்டங்களாலான திரைகள் நீரைத் தேக்கி நிறுத்துகின்றன. ஒவ்வோர் இலையுதிர்காலத்தின் இறுதியிலும் அவற்றைச் சுருட்டி மேலே தூக்கிவிடுவார்கள். வின்னிபெக் நகரம் வரை தேங்கியிருந்த நீர் அப்போது கீழே இறங்கி, செல்கர்க்கில் சில நாட்களுக்கு ஓட்டம் கூடும். மரக்கட்டைகளும் மிதந்து வரும். அந்த வாரத்தில் அரைக்கால் ஜிக் அடியைத் தொடாமல் மிதக்கத் தொடங்கும். நான் அதைப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலே அரைக்காலை மீண்டும் வெளியே எடுப்பேன்.