கயாக்கு: துடுப்புப் படகு அல்ல

கயாக்கு (kayak) என்னும் ஒடுங்கிய சிறு கலத்தில் ஏறிக் கடலில் தூண்டில் போடுவதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் ‘துடுப்புப் படகு மீன்பிடிப்பு’ என்றே சொல்லிவருகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கயாக்கு துடுப்புப் படகு அல்ல. அதில் நடப்பதை வெறுமனே ‘மீன்பிடிப்பு’ என்று சொல்வதும் பொருந்தாது.

சொல்லின் வேர் எளிது. கிரீன்லாந்திலும் வட அமெரிக்காவின் ஆர்க்டிக் கரைகளிலும் வாழும் இனுவிட் மக்களின் ‘கஜாக்’ என்ற சொல்தான் டேனிய மொழி வழியாக ஐரோப்பாவுக்குப் போய் உலகெங்கும் பரவியது. கரை ஒதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்த வேட்டைக்கலம் அது. ஒருவர் நுழையும் அளவு திறப்பைத் தவிர மேலெல்லாம் மூடியிருக்கும். குடும்பமும் மூட்டைமுடிச்சும் ஏற்றிப் போக ‘உமியாக்’ என்ற பெரிய திறந்த படகு தனியாக இருந்தது. மேலே திறந்த ஒடுங்கிய படகான கனூ (canoe) இன்னொன்று. அது கரீபியத் தீவு மக்களின் சொல், ஸ்பானியர் வழி வந்தது.

சரி, ‘துடுப்புப் படகு’ என்றால் என்ன குறை? இந்தப் பெயரைக் கேட்டதும் நம் மனத்தில் வருவது, இரண்டு பக்கமும் தண்டு மாட்டி, போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வலிக்கும் படகு. அங்கே தண்டு படகின் விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கும். கயாக்கில் துடுப்பு எதிலும் மாட்டப்படுவதில்லை. இரு முனையிலும் இலை உள்ள ஒரே கோலைக் கையில் பிடித்து இடமும் வலமும் மாற்றி மாற்றித் துழாவ வேண்டும். முகம் முன்பக்கம். தூண்டில்காரருக்கு இதுதான் பெரிய ஆதாயம். எதிரே அலை எங்கே உடைகிறது, பறவைகள் எங்கே பாய்கின்றன, முன்னால் செருகிய தூண்டில் கோலின் நுனி எப்போது வளைகிறது என்று எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். திசையே மாறிப்போகும் ஒரு பெயரை எப்படிச் சரி என்று ஒப்புக்கொள்வது?

இன்னொன்றும் உண்டு. 1997-இல் ஹோபி என்ற அமெரிக்கப் படகு நிறுவனம் காலால் மிதித்துச் செலுத்தும் முறையைக் கயாக்கில் கொண்டுவந்தது. அதன் பிறகு தூண்டில்காரர்கள் பலர் மிதி கயாக்குக்கு மாறிவிட்டார்கள். கை இரண்டும் தூண்டிலுக்கே கிடைக்கிறதல்லவா? துடுப்பு அங்கே அவசரத்துக்கு வைத்திருக்கும் பொருள். காலால் ஓடும் கலத்தைத் ‘துடுப்புப் படகு’ என்று எழுதுகிறவர் அதை ஒருமுறையாவது பார்த்திருப்பாரா என்று கோபம்தான் வருகிறது.

தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் ‘மூடுதோணி’ என்று சொல்லிப் பார்க்கலாம். பழைய வேட்டைக்கலத்துக்கு அழகாகப் பொருந்தும் சொல். ஆனால் இன்று கடலில் தூண்டில் போடப் பெரும்பாலும் எடுத்துப் போவது திறந்த தட்டின்மேல் உட்காரும் வகை. அதில் உட்கார மூடிய அறையே கிடையாது. மேலே உட்காருகிறோம், அலை ஏறி இறங்குகிறது என்பதால் ‘கட்டுமரம்’ என்று அழைக்கவும் ஆசை வரும். வேண்டாம். கட்டியதுமில்லை, மரமுமில்லை, உள்ளே கூடாக வார்த்த பிளாஸ்டிக் அது.

இந்த வேறுபாடு சொல்லோடு நிற்பதில்லை. தட்டின்மேல் உட்காரும் கயாக்கில் ஏறும் தண்ணீர் வடிதுளைகள் வழியே தானாக இறங்கிவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு, பக்கவாட்டில் வயிறு படிய ஏறிக்கொள்ளலாம். உள்ளே உட்காரும் வகை கவிழ்ந்தால் உட்காரும் அறை நீரால் நிறைந்துவிடும், இறைத்தாக வேண்டும். இரண்டையும் துடுப்புப் படகு என்றே எழுதிவிட்டு ‘தண்ணீர் புகுந்தால் இறைத்து வெளியேற்றுங்கள்’ என்று பொதுவாகப் பாதுகாப்புக் குறிப்பு கொடுத்தால், புதிதாகக் கடலுக்குப் போகிறவர் எதை நம்புவார்?

என் தீர்ப்பு ‘கயாக்கு’. நம் இலக்கணம் பிறமொழியிலிருந்து வரும் திசைச்சொல்லுக்கு எப்போதோ இடம் கொடுத்துவிட்டது. ககர மெய்யில் சொல் முடியாது என்பதால் ஓர் உகரம் சேர்த்தால் போதும். கயாக்கில், கயாக்கை, கயாக்குக்காரர் என்று வேற்றுமையும் விகுதியும் இயல்பாக ஏறும். ஆங்கிலேயர் ‘கட்டுமரம்’ என்ற சொல்லைக் ‘கேட்டமரான்’ (catamaran) என்று எடுத்துக்கொண்டபோது மொழிபெயர்க்க முயலவில்லை. செயலுக்குக் ‘கயாக்குத் தூண்டில்’ என்று சொல்லலாம். மீன்பிடிப்பு என்றால் வலையும் வரும், மீனைச் சிக்கவைக்கும் கூடும் வரும். இங்கே இருப்பது தூண்டில்.

அப்புறம், மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ட்ரோலிங் வேறு, ட்ராலிங் வேறு. முதலாவது, ஓடும் கலத்துக்குப் பின்னால் இரை மாட்டிய தூண்டிலை இழுத்துப் போவது. ‘இழுதூண்டில்’ என்றால் யாருக்கும் புரியும். இரண்டாவது, விசைப்படகு இழுக்கும் இழுவலை. ஒலி ஒத்திருக்கிறதே என்று ‘கயாக்கில் இழுவலை போடுவது எப்படி’ என்று எழுதாதீர்கள். ஒரு மனிதன் காலால் மிதித்து இழுவலை இழுக்க முடியாது. பல கரைகளில் இழுவலைக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. அந்தத் தலைப்பைப் பார்க்கிறவர் தூண்டில்காரரையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவார்.