வெறும் நம்பரைத் தட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் எடுக்கும் சனிக்கிழமைக் கணினி வகுப்பில் ஒரு பிள்ளை வந்து நிற்கிறாள். "சேர், 120ஆவது வரியைப் பார்க்கத்தான் நம்பரை அடிச்சேன். இப்ப அந்த வரியையே காணோம்."

வகுப்பில் ஹெர்குலிஸ் எமுலேட்டரில், அதாவது ஐபிஎம் மெயின்பிரேம் என்ற பெருங்கணினியைப் போல நடிக்கும் மென்பொருளில், அந்தக் கணினிகளின் பழைய இயங்குதளமான எம்விஎஸ் 3.8 ஓடுகிறது, பழைய மடிக்கணினியே போதும். அதில் டிஎஸ்ஓ எடிட்டைத்தான், கட்டளை அடித்து வரி வரியாகக் கோப்பைத் திருத்தும் எடிட்டரைத்தான், முதலில் பழக்குகிறேன். முழுத்திரை எடிட்டர் மக்கர் பண்ணும் நாளில் கைகொடுப்பது இதுதான். பயிற்சிக்கு ஒரு செக்ரோல் கோப்பு, தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவேடு, வைத்திருக்கிறேன். வரிக்கு ஓர் ஆள், கொழுந்து எத்தனை கிலோ, முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (அரைநாள்) என்று. ஒரு வரி போனால் ஒருத்தியின் ஒரு நாள் உழைப்பு போகிறது. அது எப்படி வலிக்கும் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்பரை மட்டும் அடித்து என்டரைத் தட்டினால் எடிட் அந்த வரியைக் காட்டாது. அழித்துவிடும். போனில் நம்பரை அடித்தால் ஆளின் பெயர் வருகிறதே, அந்தப் பழக்கம்தான் இங்கே கெடுக்கிறது. எடிட்டுக்கு நம்பர் என்பது ஓர் இடம். நம்பருக்குப் பின்னால் எழுத்து இருந்தால் அந்த இடத்தில் அதை வைக்கும்: ஏற்கெனவே வரி இருந்தால் பழையது போய்ப் புதியது வரும், இல்லையென்றால் புது வரியாக நுழையும். பின்னால் ஒன்றுமே இல்லை என்றால், அங்கே ஒன்றும் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும். "நிச்சயமா?" என்று கேட்கவும் கேட்காது. வெறும் நட்சத்திரக் குறியும் அப்படித்தான், நீங்கள் நிற்கும் வரி போய்விடும். நம்பர் போடாத டிலீட்டும் அதே வேலையைத்தான் செய்யும். பார்க்க வேண்டுமா? லிஸ்ட் 120. அதற்கு வேறு வழி தேடாதீர்கள்.

இன்னொரு தம்பி கிலோவை மட்டும் திருத்த நினைத்து 120 போட்டு 18 என்று அடித்தான். பெயர், பேர்க்கணக்கு எல்லாம் போய் 18 மட்டும் தனியாக நின்றது. வரியில் ஒரு சொல்லைத் திருத்த சேஞ்ச் இருக்கிறது.

நம்பர்கள் பத்துப் பத்தாக ஏறுவதே இடையில் நுழைக்கத்தான். 120க்கும் 130க்கும் நடுவில் என்றால் 125 போட்டு வரியை அடியுங்கள். இடம் தீர்ந்துபோய், வரிகளுக்குப் புது நம்பர் போடும் ரீநம் கொடுத்தீர்களா, பழைய அச்சுத்தாளை அந்த நிமிடமே கிழித்துப் போடுங்கள். அந்தத் தாளைப் பார்த்து டிலீட் கொடுத்தால் யாருடைய வரி போகும் என்று சொல்ல முடியாது.

எடிட்டுக்குள் போனதும் வெரிஃபை போட்டுவிடுங்கள். மாறுவது கண்ணுக்குத் தெரியும். டிலீட்டுக்கு முன் அதே நம்பர்களுக்கு லிஸ்ட் கொடுங்கள். கை தவறிவிட்டதா, சேவ் கட்டளையை மட்டும் தொடாதீர்கள். சேவ் பண்ணும்வரை மூலக் கோப்பு அப்படியே இருக்கும். எண்ட் நோசேவ் கொடுத்து வெளியேறித் திரும்பத் திறந்தால் வரி அங்கேயே இருக்கும். மழைக்காலத்தில் எந்த நேரம் கரண்ட் போகும் என்று தெரியாத ஊர் நம்முடையது, அடிக்கடி சேவ் பண்ணத்தான் வேண்டும். ஆனால் லிஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் பண்ணுங்கள், தயவுசெய்து.

அந்தப் பிள்ளை பதற்றத்தில் சேவும் கொடுத்துவிட்டிருந்தாள். கொப்பியில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, 120 போட்டு முழு வரியையும் அடிக்கச் சொன்னேன். அடித்ததும் அவளாகவே லிஸ்ட் 110 130 கொடுத்து, மூன்று வரிகளையும் விரல் வைத்து வாசித்தாள்.