இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு சுருதி

லண்டன்காரரான இசைக்கலைஞர் ஜேக்கப் காலியர் 1994இல் பிறந்தவர்; ஜாஸ், பாப், எலக்ட்ரானிக் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. அவர் கார்டுகளை (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) அடுக்கும் வேகம் சில நேரம் எனக்குத் திகட்டும். ஆனால் 2016இல் தன் குரலையே பல அடுக்குகளாகப் பதிந்து, ‘இன் தி பிளீக் மிட்விண்டர்’ என்ற பழைய கிறிஸ்துமஸ் பாடலைப் பாடினாரே, அதில் செய்திருப்பது அசாத்தியம். பாட்டு ஈ மேஜரில் (‘ஈ’ என்ற கட்டையை ஸட்ஜமாகக் கொண்ட ஸ்கேல்) தொடங்கி, பின்னால் ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகள்) நட்டநடுவில், பியானோவில் கட்டையே இல்லாத ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கேட்பவருக்கு அபசுரமாகவே படாது.

எப்படி? பியானோவில் ஓர் ஆக்டேவை (ஸ முதல் மேல் ஸ வரை) 12 சமத் துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 100 சென்ட் (சுருதி இடைவெளியை அளக்கும் அலகு). இது ஒரு சமரசம்தான், எல்லா ஸ்கேலிலும் வாசிக்க வேண்டுமே. இயற்கை வேறு கணக்கில் போகிறது. தம்புராவின் ஸட்ஜத் தந்தியை மீட்டினால் உள்ளிருந்து அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் தானாகக் கேட்கும் இல்லையா, அது அந்தத் தந்தியின் ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது அடிப்படை அதிர்வெண்ணைப் போல் ஐந்து மடங்கில் கூடவே ஒலிப்பது. ஸட்ஜத்துக்கும் அதற்கும் உள்ள விகிதத்தை ஓர் ஆக்டேவுக்குள் கொண்டுவந்தால் 5:4, அதாவது சுமார் 386 சென்ட். பியானோவில் அதே ஸ்வரம் 400. இந்த 14 சென்ட் வித்தியாசம் சும்மா இருக்காது. 440 ஹெர்ட்ஸ் ஏ-யோடு, பியானோவில் அதன் அந்தர காந்தாரமான சி ஷார்ப்பை (554.37) சேர்த்து அழுத்தினால், ஒன்றின் ஐந்தாவது ஹார்மோனிக் 2200இலும் மற்றதன் நான்காவது ஹார்மோனிக் ஏறக்குறைய 2217.5இலும் விழுந்து, நொடிக்குப் பதினேழு முறைக்கு மேல் ஒன்றையொன்று மோதிக்கொள்ளும். நமக்குப் பழகிவிட்டதால் உறைப்பதில்லை, அவ்வளவுதான்.

குரலுக்குக் கட்டை கிடையாது. கருவி இல்லாமல் பாடும் குழு, காது போகிற போக்கில் சுத்தமான விகிதங்களைப் பிடிக்கப் பார்க்கும். அப்போதுதான் சிக்கல்: சி மேஜர், ஏ மைனர், டி மைனர், ஜி மேஜர், மறுபடி சி என்று சுற்றிவரும்போது, ஒவ்வொரு கார்டிலும் முந்தைய கார்டின் பொது ஸ்வரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுத்தமாகச் சேர்த்தால், திரும்பி வரும் சி கிளம்பிய சி அல்ல, சுமார் 21.5 சென்ட் கீழே இருக்கும். இத்தனைக்கும் யாரும் தப்பாகப் பாடவில்லை! நாலைந்து சுற்று போனால் பியானோவில் பக்கத்துக் கட்டைக்கே (சுமார் 100 சென்ட்) இறங்கிவிடும்.

பாட்டு வாத்தியார்களுக்குத் தலைவலியான இந்த நகர்வைக் காலியர் வேண்டுமென்றே தான் நினைத்த பக்கம் திருப்புகிறார். எல்லாக் குரலும் அவருடையதே என்பதால் ஒவ்வொன்றையும் எவ்வளவு நகர்த்துவது என்பது அவர் கையில். ஒரே தாவலில் 50 சென்ட் நகர்ந்தால் யாருக்கும் உறுத்தும். அதைச் சில கார்டுகளுக்குப் பகிர்ந்துகொடுத்துவிடுகிறார். பெரும்பாலோரின் காது ஒரு ஸ்வரத்தின் அதிர்வெண்ணை நினைவில் வைப்பதில்லை, பக்கத்து ஸ்வரத்தோடு அது எப்படிச் சேர்கிறது என்றுதான் பார்க்கும், அதனால் வழுக்கிக்கொண்டு போனது தெரிவதில்லை.

பாட்டு போய்ச் சேர்ந்த சுருதி சுமார் 403.5 ஹெர்ட்ஸ். கூடவே கீபோர்டு வாசிக்க ஆசைப்பட்டால் கருவி முழுவதையும் 50 சென்ட் ஏற்றிக்கொள்ள வேண்டும், அப்புறம் பாட்டின் ஆரம்பம் அதோடு சேராது.