வேலி தள்ளி இருந்தால் டிரிபிள்

1912-ஆம் ஆண்டு, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் ஓவன் வில்சன் ஒரே பருவத்தில் 36 டிரிபிள் அடித்தார். ஆட்டச் சதுரத்தின் மூலைகளில் உள்ள, ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ். பந்தை அடித்துவிட்டு இரண்டாவது பேஸ் வரை ஓடினால் டபுள். மூன்றாவது வரை ஓடிச் சேர்ந்தால் டிரிபிள். அந்த ஆண்டு அவர் அடித்த டபுள் 19தான்! கடினமானது, எளிதானதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்கு முன்னும் பின்னும் எந்தப் பருவத்திலும் அவர் 15 டிரிபிளைக்கூட எட்டவில்லை.

ஓட்டக் கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. மூன்றாவது பேஸுக்கு 270 அடி. மிக வேகமான ஆட்டக்காரர் விநாடிக்கு 30 அடி ஓடுவார். அப்படியானால் 9 விநாடி போதுமே என்று தோன்றும். ஆனால் மட்டையை வீசிய உடம்பு நிலைக்கு வந்து வேகம் பிடிக்கவே நேரம் போகும். அதன்பின் இரண்டு செங்கோணத் திருப்பங்கள். அந்த வேகத்தில் மூலையில் சட்டென்று திரும்பினால் கால் வழுக்கிவிடும். அதனால் பேஸுக்கு முன்பே சற்று வெளியே விலகி, வளைந்து, உடலை உள்பக்கம் சாய்த்து ஓடுகிறார்கள். வளைவு பெரிதானால் வேகம் தங்கும், தூரம் கூடும், சிறிதானால் நேர்மாறு. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 11 விநாடி.

அதற்குள் பந்து மூன்றாவது பேஸுக்கு வராமல் இருக்க வேண்டும். வேலியோரம் பந்தைப் பொறுக்கும் அவுட்ஃபீல்டர் (வெளிக்களத்தில் நிற்கும் தடுப்பாளர்) பெரும்பாலும் நேராக எறிவதில்லை. காற்றின் தடை பந்தின் வேகத்தைத் தின்றுவிடும். அவ்வளவு தூரம் போக உயரமாகவும் எறிய வேண்டும். நடுவில் ஒருவர் வாங்கி எறிந்தால், கை மாறும் நேரத்தைச் சேர்த்தாலும் அதுவே விரைவு.

மூன்றாவது பேஸுக்கு மிகத் தொலைவான இடம் மைதானத்தின் வலது மூலை. இடதுகை மட்டையாளர் முழு பலத்தோடு இழுத்து அடித்தால் பந்து அந்தப் பக்கம்தான் போகும். முதல் பேஸுக்கு ஓரிரு அடி அருகே நிற்கும் சலுகையும் அவருக்கு உண்டு. வில்சன் இடதுகை. மொத்தம் 309 டிரிபிளோடு இன்றும் முதலிடத்தில் இருக்கும் சாம் கிராஃபர்ட், 295 அடித்த டை காப், 1991 முதல் 1994 வரை நான்கு ஆண்டும் அமெரிக்கன் லீகில் (அமெரிக்க பேஸ்பாலின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்று, மற்றது நேஷனல் லீக்) முதலிடம் பிடித்த லான்ஸ் ஜான்சன், எல்லோரும் இடதுகை மட்டையாளர்களே. விதிவிலக்கு இல்லாமல் இல்லை: 252 அடித்த ஹோனஸ் வாக்னர் வலதுகை.

ஆனால் காலும் கையும் மட்டும் 36-ஐ விளக்காது. வில்சனின் சொந்த மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில், மிகத் தொலைவான வேலி 450 அடிக்கும் அப்பால் இருந்தது. இன்று வேலியைத் தாண்டி ஹோம் ரன்னாகப் பறந்துவிடும் பந்து அங்கே விழுந்து உருண்டுகொண்டே இருக்கும். 2007-ல் 23 டிரிபிள் அடித்த கர்டிஸ் கிராண்டர்சனுக்கும் டெட்ராய்ட் மைதானத்தின் நடு வேலி 420 அடியில் இருந்தது கைகொடுத்தது. அமெரிக்காவின் டென்வர் நகர மைதானம் இன்னும் வேடிக்கை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, பந்து தூரம் போகும். ஹோம் ரன் பெருகிவிடாமலிருக்க வேலியைத் தள்ளிக் கட்டினார்கள். பரந்த புல்வெளி மிஞ்சியது, டிரிபிள்கள் கொட்டின.

மற்ற ஊர்களில் வேலிகள் நெருங்கி வந்துவிட்டன. 2023-ல் நேஷனல் லீகில் முதலிடம் பிடிக்க கார்பின் கேரலுக்கு 10 டிரிபிளே போதுமாயிருந்தது. அவரும் இடதுகைதான்.