அந்தக் கேசட்டை யார் உடைத்தது?

குறும்படங்களுக்கு எடிட்டிங் செய்வது என் தொழில். படப்பிடிப்பை முடித்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கோடு வந்து உட்காரும் இயக்குநர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கேட்டுவிடுவார்கள்: "இது இப்ப இருக்கிறவங்களுக்குப் புரியுமா?" 'இது' சில நேரம் பேஜர், சில நேரம் ஃபிலிம் ரோல், சில நேரம் ஏதோ ஒரு பழைய படத்தின் வசனம். முன்பெல்லாம் "புரியும், விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போய்விடுவேன். ஒரு கேசட்தான் அந்தப் பழக்கத்தை விட வைத்தது.

பதினோரு நிமிடப் படம் அது. அப்பாவுக்கும் மகனுக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா இறந்த பிறகு அவருடைய பெட்டியில் மகனுக்கு ஒரு கேசட் கிடைக்கிறது. சின்ன வயதில் அவன் உளறியதையெல்லாம் அவர் அதில் பதிவு செய்து வைத்திருக்கிறார். கடைசிக் காட்சியில் கேசட்டை வெளியே எடுத்துப் பார்க்கிறான். விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்பட்டிருக்கிறது. நாலு நொடி குளோசப். அவன் கண் கலங்குகிறது. படம் முடிகிறது.

கேசட்டோடு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துண்டுகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, அந்தப் பக்கத்தின் மேல் வேறு எதையும் பதிய முடியாது. (மனசு மாறினால் அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒட்டிக்கொள்ளலாம், அது வேறு கதை.) மகனுடைய குரல் தவறிக்கூட அழிந்துவிடக் கூடாது என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். மொத்தப் படமும் அந்தத் துண்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் இயக்குநருக்கும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தொண்டை அடைத்தது.

என் உதவியாளருக்கு இருபத்திரண்டு வயது. ரஃப் கட்டை, அதாவது படத்தின் முதல்கட்ட எடிட்டை, போட்டுக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு சார். ஆனா கடைசி வரைக்கும் அந்த அப்பாவுக்குக் கோபம் போகவே இல்லையே, பாவம்."

"கோபமா? எங்க?"

"கேசட்டை உடைச்சு வெச்சிருக்காரே சார்."

இயக்குநர் என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன். அவளுக்குப் புரியாமல் போயிருந்தால்கூட ஏதாவது செய்து சமாளித்திருக்கலாம். அவளுக்கு நேர் எதிராக, அதுவும் தெளிவாகப் புரிந்திருந்தது. அவள் பார்த்த படத்தில் அப்பா மகனை மன்னிக்கவே இல்லை.

தெரியாத ஒன்றைப் பார்த்தால் பார்வையாளர் அதைக் காலியாக விட்டுவிட்டுப் போவார் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடப்பதில்லை. முன்னால் வந்த ஷாட், பின்னால் வந்த ஷாட், நடிகரின் முகம் இவற்றை வைத்து அவரே ஒரு அர்த்தத்தைக் கட்டிக்கொள்வார். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் கிட்டத்தட்ட நூறு வருடங்களுக்கு முன்பே இதைச் செய்து காட்டினார். ஒரே முகம்தான். அதற்கு அடுத்து சூப் கிண்ணத்தைக் காட்டினால் அந்த முகத்தில் பசி தெரியும், சவப்பெட்டியைக் காட்டினால் துக்கம் தெரியும். எடிட்டிங் படிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே கேள்விப்படுகிற விஷயம். இதில் நாங்கள் மறந்துபோவது ஒன்று உண்டு: நாம் எதையும் கட்டித் தராவிட்டாலும் பார்வையாளர் கட்டிக்கொண்டேதான் இருப்பார். உடைந்த பிளாஸ்டிக், கலங்கிய கண், பேச்சில்லாத குடும்பம். மூன்றையும் அடுக்கி வைத்தால் 'கோபம்' என்று கூட்டுவதுதான் நியாயமான கணக்கு. அவள் மேல் தப்பே இல்லை.

இயக்குநருக்கு முதலில் தோன்றிய வழி வசனம். "அப்பா இதை லாக் பண்ணி வெச்சிருக்கார்" என்று மகன் தங்கையிடம் சொல்வது போல எழுதிக்கொண்டு வந்தார். டப்பிங்கில் சேர்த்தும் பார்த்தோம். இப்போது எல்லோருக்கும் புரிந்தது, ஆனால் யாருடைய தொண்டையும் அடைக்கவில்லை. இயக்குநரே "இது பாடம் எடுக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லி அதை அழிக்கச் சொன்னார்.

கடைசியில் அரை நாள் கூடுதலாகப் படம்பிடித்தார்கள். படத்தின் நடுவில் ஒரு பழைய நினைவு ஏற்கெனவே இருந்தது, சின்னப் பையன் டேப் ரெக்கார்டரோடு விளையாடுவது. அதோடு இதைச் சேர்த்தார்கள்: அப்பா ஆசையாகக் கேட்கிற பாட்டுக் கேசட்டின் மேல் பையன் தன் கத்தலைப் பதிந்துவிடுகிறான். அப்பா தலையில் அடித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் பாட்டுக் கேசட்டுகளை எடுத்து, ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒவ்வொன்றின் துண்டையும் நெம்பி உடைக்கிறார். பையன் அதில் ஒன்றைப் போட்டு சிவப்பு பட்டனை அழுத்துகிறான், அமுங்கவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துகிறான், அமுங்கவே இல்லை. உதட்டைப் பிதுக்குகிறான். பதினைந்து நொடி, ஒரு வார்த்தை வசனம் கிடையாது. பாட்டை இவனிடமிருந்து காப்பாற்ற அப்பா செய்ததையேதான் பின்னால் இவன் குரலைக் காப்பாற்றவும் செய்திருக்கிறார் என்பது கடைசி நாலு நொடியில் தானாக வந்து சேர்ந்துவிட்டது. முதல் வடிவத்தைவிட நல்ல படமாகவும் ஆகிவிட்டது.

பதினொரு நிமிடப் படத்தில் மொத்தம் இருப்பது 660 நொடி. அதில் பதினைந்து நொடி சின்ன விலை இல்லை. கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் பெயர்களையும் சேர்த்துப் பதினைந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். ஆஸ்கரில் நாற்பது நிமிடம் வரை விடுகிறார்கள். முழு நீளப் படத்தில் ஒரு விஷயம் தவறிப்போனால் அதைப் பிடித்துக்கொள்ள அடுத்த அரை மணி நேரம் இருக்கிறது. குறும்படத்தில் அதற்குள் பெயர்களே ஓட ஆரம்பித்துவிடும். அதனால் இப்போது ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இந்தப் பழைய பொருளை உருவிவிட்டால் கதை நிற்குமா, விழுமா? நின்றால் அது அலங்காரம். அப்படியே இருக்கட்டும், தெரிந்தவர் ரசிப்பார், தெரியாதவர் கடந்து போவார். விழும் என்றால் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைப் படத்துக்குள்ளேயே ஒருமுறை காட்டியாக வேண்டும்.

பொருளைப் பார்த்தே இல்லாதவர்களுக்கும் அர்த்தம் புரிகிற இடங்கள் இருக்கின்றன. கணினியில் 'சேவ்' செய்ய அழுத்தும் சின்னத்தில் இருக்கும் ஃபிளாப்பி டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். சோனி ஜப்பானில் 2011-லேயே ஃபிளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது. அதைக் கையால் தொட்டே இருக்காத பிள்ளைகள் தினமும் அந்தச் சின்னத்தைத்தான் அழுத்துகிறார்கள். இசைத்தட்டில் ஊசி கீறும் சத்தமும் இப்படித்தான். தட்டையும் ஊசியையும் பார்க்காதவர்கூட அதைக் கேட்டதும் 'ஏதோ சொதப்பிவிட்டது' என்று சிரிக்கிறார். பொருள் போய்விட்டது, அது செய்த வேலை மட்டும் பழக்கத்தில் தங்கிவிட்டது. அந்தச் சத்தத்தைப் போடும்போது எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது.

தயங்க வைப்பது வேறு வகை. பொருள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதன் கனம் தெரியாது. ஃபிலிம் கேமராவை அடையாளம் காணாதவர் யாரும் இல்லை. ஆனால் ரோலில் 36 படம்தான், அதிலும் கடைசி ஒன்றுதான் மிச்சம், எடுத்ததைக் கழுவி வரும்வரை பார்க்கவும் முடியாது என்ற பதற்றம் ஃபோனில் ஒரே நிமிடத்தில் நாற்பது படம் எடுப்பவருக்கு எப்படி வரும்? 'அவளை ஒரே ஒரு படம்தான் எடுத்தான்' என்பது அவருக்கு வெறும் தகவல். நான் எடிட் செய்த ஒரு படத்தில் கேமராவின் மேலிருக்கும் எண்ணும் சக்கரத்தை மூன்று இடங்களில் குளோசப் எடுத்து வைத்திருந்தார்கள். 34, 35, 36. அவ்வளவுதான். அதற்கப்புறம் ரோலை நகர்த்தும் லீவர் நகராமல் நின்றபோது அறையில் இருந்த சின்னப் பையன்கூட "ஐயோ" என்றான். கடிதத்துக்காகக் காத்திருப்பதும் அப்படியே. தபால்காரரைக் காட்டினால் மட்டும் காத்திருப்பு வந்துவிடாது. நான் ஷாட்டின் நீளத்தைக் கூட்டித்தான் அதைக் கொண்டுவர வேண்டும்.

பழசு என்றால் முப்பது வருடத்துக்கு முந்தையது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். போன வருடத்து மீம் கேசட்டைவிடப் பழசு. படம்பிடித்து, வெட்டி, விழாக்களுக்கு அனுப்பி, இணையத்தில் ஏற்றுவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். அந்த மீமை வைத்துச் சிரிக்க வைத்த இடத்தில் மௌனம்தான் மிஞ்சும். பிரபலமான வசனத்தைக் கிண்டல் செய்யும் ஜோக்குகளுக்கும் இதே கதிதான். அவை முழுக்க முழுக்க நினைவை நம்பி நிற்பவை. நினைவு இல்லாதவருக்குக் காட்ட அங்கே எந்தச் செயலும் இல்லை. பெரும்பாலும் வெட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

காட்டிப் பார்க்கும்போது "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள், இயக்குநரின் முகத்துக்கு நேரே வேறென்ன சொல்வார்கள்? "கதையைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேளுங்கள். "இல்லை இல்லை, அது அப்படி இல்லை" என்று நாக்கு நுனி வரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். வெவ்வேறு வயதில் மூன்று நாலு பேர் போதும். அதில் ஒருவராவது அந்தக் காலத்தைப் பார்த்தவராக இருக்க வேண்டும், ஏனென்றால் எதிர்ப்பக்கத்துச் சிக்கலும் இருக்கிறது. இளம் இயக்குநர் ஒருவர் தன் படத்தில் செல்ஃபோன் அழைப்பு துண்டிக்கப்பட்டதும் 'கொர்ர்' என்று டயல் டோன் வைத்திருந்தார். அது பழைய கம்பி ஃபோனின் சத்தம். இளைஞர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அறுபது வயதுக்காரர் ஒருவர் மட்டும் அதற்கப்புறம் படத்தையே பார்க்கவில்லை, அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது மேசையில் ஒரு படம் இருக்கிறது. அதில் தாத்தா டிவியின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார், படம் தெளிவாகிவிடும். எடுத்துவிடலாமா என்று இயக்குநர் இரண்டு முறை கேட்டுவிட்டார். தட்டல் இல்லாமலும் கதை நிற்கிறது. நேற்று ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டினோம், இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மற்ற மூன்று பேர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.